மாடித் தோட்டத்துக்குப் பெயர்ச்சீட்டு: அச்சுக் கருவி வாங்குமுன் நாடாவைப் பாருங்கள்



எங்கள் திலக் நகர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் சென்ற ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். மழை பிடித்துவிட்டது. கோடை முழுவதும் வெறும் மண்ணாகக் கிடந்த இரண்டு பைகளில் முளைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சிறுவள்ளிக்கிழங்கு. பொங்கலுக்கு அவித்தது போக மீந்ததை மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். மற்றொன்று மூலனூர்ப் பக்கத்து உறவினர் கொடுத்தனுப்பிய செங்காந்தள். இரண்டு பைகளிலும் சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டுப் பிள்ளை கைபேசியோடு இணைத்து அச்சடிக்கும் சின்னஞ்சிறு கருவி ஒன்றை வாங்கி, அழகாக ஒட்டிக் கொடுத்திருந்தான். ஆனால் ஏப்ரல், மே வெயிலுக்குப் பின் அந்தச் சீட்டுகளில் ஓர் எழுத்துகூட இல்லை. வெள்ளைக் காகிதம் மட்டும் அப்படியே பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது!

அந்த வீட்டம்மா கிழங்கைத் தோண்டிப் பார்த்தார்கள். எது எது என்று தீர்மானிக்க முடியாமல், இரண்டு பைகளையும் அப்படியே கொட்டிவிட்டார்கள். நல்ல முடிவுதான். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மருந்துக்காக அதன் விதையை மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பயிரிட்டே எடுக்கிறார்கள். கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று விவசாயிகள் சொல்வதும் இதைத்தான். ஆனால் அதன் கிழங்கில் உள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு உயிரைப் போக்கக்கூடியது. இலங்கையில் இதை வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டு மரித்தவர்கள் உண்டு. அங்குள்ள மருத்துவர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பஞ்ச காலத்தில் கில்காலிலே கூழ்ப் பானைக்குள் விழுந்த பேய்க்கொம்மட்டிக் காய்களின் சம்பவத்தை (2 இராஜாக்கள், 4ஆம் அதிகாரம்) நீங்கள் அறிவீர்கள். காய்களைப் பறித்து வந்தவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. அந்தக் கொடியின் பெயர் அவனுக்குத் தெரியாது, அவ்வளவே. அங்கே எலிசா இருந்தார். நம்முடைய அடுப்பங்கரையில் அவர் இல்லை.

ஆகவே செடிக்குப் பெயர் எழுதி வைப்பது அலங்காரத்துக்கான காரியமல்ல. அதிலும் கிழங்கு வகைகளுக்கும் விதைத் தொட்டிகளுக்கும் சீட்டு எப்போது தேவை? செடி கண்ணுக்குத் தெரியாத மாதங்களில்தான். மஞ்சள், சேம்பு, செங்காந்தள் ஆகியவை இலை உதிர்ந்து மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் காலமும், மும்பையின் கொடிய வெயில் காலமும் ஒன்றாக வருகின்றன. சீட்டு அந்த வெயிலைத் தாண்டி, அதன் பிறகு வரும் மழையையும் தாண்டவேண்டும். நம் ஊர் மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை; 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்ததை மறந்தவர் நம்மில் யார்?

இப்போது அநேகர் கையடக்க லேபிள் பிரிண்டர் வாங்க விரும்புகிறார்கள். "எந்தக் கம்பெனி நல்லது, பாஸ்டர்?" என்று என்னையே கேட்கிறவர்களும் உண்டு. இக்கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம். கருவி எது என்பது இரண்டாவது. அதற்குள் போகும் நாடா எது என்பதே முதலாவது.

வெப்பத்தில் கருக்கும் தாளும், வெப்பத்தில் ஒட்டும் மையும்

இந்தக் கைக்கருவிகள் எவற்றிலும் மை புட்டி கிடையாது. எல்லாவற்றிலும் ஒரு சூடான தலை உண்டு. அந்தச் சூடுதான் எழுத்தை உண்டாக்குகிறது. ஆனால் அது இரண்டு விதமாக நடக்கிறது. நம் பணம் பிழைப்பதும் வீணாவதும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான்.

முதல் விதத்தில், தாளின் மேலேயே நிறமற்ற ஒரு சாயமும் அதைக் கருக்கவைக்கும் ஓர் அமிலப் பொருளும் பூசப்பட்டிருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுப்பாகும். ஏ.டி.எம். சீட்டும், பஸ் நடத்துநர் இயந்திரத்தில் கிழித்துத் தரும் டிக்கெட்டும் இந்த ஜாதி. சட்டைப் பையில் ஒரு மாதம் வைத்திருந்து எடுத்துப் பாருங்கள், என்ன ஆகிறது என்று தெரியும். வெயில் அந்தச் சாயத்தை வெளுக்க வைக்கும். அதிகச் சூடு தாள் முழுவதையும் கருக்கும். நீம்பாட் டி11, டி110, ஃபோமேமோ டி30 போன்ற, கைபேசியோடு இணையும் மலிவான சட்டைப்பைக் கருவிகள் இந்த முறையில் அச்சிடுகின்றன. டைமோ நிறுவனத்தின் லெட்ராடேக் வரிசையும் அப்படியே. இவற்றை நான் குறை சொல்லவில்லை. மசாலா டப்பாவுக்கும், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும், பிரிட்ஜில் வைக்கும் பாத்திரத்துக்கும் இவை மிகவும் பிரயோஜனமானவை. வெயிலில் நிற்கும் தொட்டிக்கு இவை உண்டாக்கப்படவில்லை.

இரண்டாம் விதத்தில், நாடாப் பெட்டிக்குள் மை பூசிய மெல்லிய ரிப்பன் ஒன்று தனியாக ஓடும். சூடு பட்ட இடத்தில் மை ரிப்பனை விட்டு நாடாவுக்கு மாறி ஒட்டிக்கொள்ளும். இந்த மை வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. பிரதர் நிறுவனத்தின் பி-டச் கருவிகளில் போடும் டி.இசட்.இ. நாடாவில் இன்னும் ஒரு பாதுகாப்பு உண்டு: எழுத்து இரண்டு பாலியெஸ்டர் படலங்களுக்கு நடுவில் அடைபட்டுவிடுகிறது. மேலே தண்ணீர் ஊற்றினாலும், செம்பூர்த் தூசியை ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்தாலும், விரல் படுவது மேல் படலத்தில்தான், எழுத்தில் அல்ல. டைமோவிலும் ரைனோ என்னும் தொழிற்சாலை வரிசை ரிப்பன் முறையில் அச்சிடுவது. அதற்கென்று நிரந்தரப் பாலியெஸ்டர், வினைல் நாடாக்கள் உண்டு.

இங்கே ஒரு எச்சரிப்பு. பிரதர் என்ற பெயரைப் பார்த்தவுடன் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடவேண்டாம். அதே நிறுவனத்தின் சில விலை குறைந்த கருவிகள் 'எம்' வகை நாடாவை மட்டுமே ஏற்கும். அதில் மேல் படலம் இல்லை. வீட்டுக்குள் உபயோகிக்கவே ஏற்றது. கருவியின் பெட்டியில் டி.இசட்.இ. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பி-டச் எச்110 கையடக்கமானது, டி.இசட்.இ. நாடாவை 12 மி.மீ. அகலம் வரை ஏற்கும். சில தொட்டிகளுக்கு அதுவே தாராளம்.

கடையில் எந்த வகை என்று விற்பவருக்கே தெரியாமல் போவதுண்டு. லேமிங்டன் ரோட்டில் ஒருமுறை ஒரு தம்பி எல்லாக் கருவியையும் "வாட்டர்ப்ரூஃப்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தாள் நனையாது என்பது உண்மையாயிருக்கலாம்; வெயிலைப் பற்றி அந்த வார்த்தை ஒன்றும் சொல்லவில்லையே! நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. மாதிரிச் சீட்டு ஒன்று அச்சடித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சூடான இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு கணம் காட்டுங்கள். வெள்ளைப் பகுதியும் சேர்ந்து கருத்துப்போனால் அது முதல் ஜாதி. தோட்டத்துக்கு வேண்டாம்.

தமிழில் அச்சடிக்குமா?

நம் வாசகர்களில் பலருக்கு இதுதான் முக்கியமான கேள்வி. விசைப்பலகை பொருத்திய கைக்கருவிகளில், எச்110 உட்பட, ஆங்கில எழுத்துதான். தமிழ் வேண்டுமானால் கைபேசியோடு இணையும் கருவிக்குப் போகவேண்டும். பி-டச் கியூப் எனப்படும் பி300பி.டி. ப்ளூடூத் வழியாகக் கைபேசியிலிருந்து அச்சிடும். நாடா அதே டி.இசட்.இ., 12 மி.மீ. வரை. அதைவிடப் பெரியதான பி710பி.டி. 24 மி.மீ. வரை ஏற்கும். ஆக, கைபேசியில் இயங்கும் கருவிகள் எல்லாம் மட்டம் என்றும் சொல்லக்கூடாது. கைபேசி இணைப்பு வேறு, அச்சு முறை வேறு. நம் மொட்டைமாடிக்கு வேண்டியது கைபேசியில் எழுதி, படலமிட்ட நாடாவில் அச்சிடும் கருவி.

வாங்குமுன் கடையிலேயே 'கொத்தமல்லி', 'தூதுவளை', 'நித்தியகல்யாணி' என்ற மூன்று வார்த்தைகளை அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றாலோ, புள்ளி விலகினாலோ அந்தச் செயலி நம் எழுத்தை அறியவில்லை என்று பொருள். 12 மி.மீ. நாடாவில் அச்சாகும் உயரம் ஏறத்தாழ 9 மி.மீ.தான். அதில் தமிழ் ஒரு வரி தெளிவாக வரும். இரண்டு வரி போட்டால், ணு, ளூ போன்ற எழுத்துகளின் சுழிகள் கறுப்புப் பொட்டாகிவிடும். இரண்டு மொழிகள் வேண்டுமென்றால் அகலமான நாடாவுக்குப் போங்கள். அல்லது பட்டையின் முன்பக்கம் தமிழ், பின்பக்கம் மற்ற மொழி என்று ஒட்டுங்கள். எனக்கு இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது.

இரண்டு மொழி எதற்கு என்று கேட்கலாம். திலக் நகரின் பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்கள் இடிக்கப்பட்டு உயரமான கோபுரங்கள் எழும்புகின்றன. நாலு மாடிக் கட்டடத்தில் ஜன்னல் கம்பிக்குள் தொட்டி வைத்தவர்கள், இப்போது பத்துப் பதினைந்து குடும்பங்களாக ஒரே மொட்டைமாடியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றுகிறவர் மராட்டியராயிருப்பார். அவருக்குக் கறிவேப்பிலை கடிபத்தா, முருங்கை ஷேவ்கா, நித்தியகல்யாணி சதாஃபுலி, அரளி கண்ஹேர். உங்கள் சொந்தப் பேரப்பிள்ளைக்கோ தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. தமிழிலேயேகூட 'மல்லி' என்று மட்டும் எழுதினால், பூவா தழையா என்ற சந்தேகம் வரும்.

பைக்குல்லாவில் ராணி பாக் என்று நாம் சொல்லும் ஜீஜாமாதா உத்யான் 1862இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பிள்ளைகளை மிருகங்களைப் பார்க்க அழைத்துப் போகிறோம்; ஆனால் அது இந்நகரத்தின் மிகச் சிறந்த மரத் தோட்டங்களில் ஒன்று என்பதைக் கவனிக்கிறதில்லை. நாம் நாகலிங்க மரம் என்று சொல்வதை மராட்டியர் கைலாஸ்பதி என்கிறார்கள், ஆங்கிலத்தில் அது பீரங்கிக் குண்டு மரம். மூவரும் ஒரே மரத்தின்கீழ் நின்று மூன்று மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்! இந்தக் குழப்பத்துக்காகத்தான் கூரூப்பிட்டா கையானென்சிஸ் என்ற அறிவியல் பெயர் இருக்கிறது. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலிலிருந்து வழக்கமான இந்த இரட்டைப் பெயர் முறை உலகத்துக்கெல்லாம் ஒன்று. வீட்டுத் தோட்டத்தில் வெண்டைக்கும் கத்தரிக்கும் இது அவசியமில்லை. மருந்துச் செடிகளுக்கு அவசியம். கீழாநெல்லி என்ற பெயரில் கடையில் விற்கும் காய்ந்த மூலிகையை ஆராய்ந்தவர்கள், அதில் ஒன்றுக்கொன்று ஒத்துத் தோன்றும் பல இனங்கள் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அறிவியல் பெயரை எழுதுங்கள். தெரியாததை எழுதுவது சீட்டே இல்லாததைவிட மோசம்.

நஞ்சுள்ள செடிகளுக்குச் சிவப்பு எழுத்து போடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். தெருவில் உள்ள பழைய கடைப் பலகைகளைப் பாருங்கள்; கறுப்பும் நீலமும் நிற்க, சிவப்புதான் முதலில் வெளுத்து ரோஜா நிறமாகி மறைகிறது. எச்சரிப்பே முதலில் அழிந்துபோகும். வெள்ளை நாடாவில் கறுப்பு எழுத்தில் 'நஞ்சு' என்று வார்த்தையாகவே எழுதிவிடுங்கள். அரளி, ஊமத்தை, செங்காந்தள், குண்டுமணி நான்குக்கும் இது போதும்.

செலவு

கருவிக்கு ஒருமுறைதான் பணம். நாடாவுக்கு எப்போதும் பணம். ஒரு டி.இசட்.இ. பெட்டியில் வழக்கமாக 8 மீட்டர் நாடா உண்டு. 5 செ.மீ. சீட்டு ஒன்றை அச்சடிக்கும்போது, அச்சுத் தலைக்கும் வெட்டும் கத்திக்கும் இடையே உள்ள தூரத்தினால் முன்பக்கம் ஏறத்தாழ 2.5 செ.மீ. வெறும் நாடா வெளியே வரும். அதாவது ஒவ்வொரு சீட்டுக்கும் 7.5 செ.மீ. செலவு, ஒரு பெட்டிக்கு நூற்றுச் சொச்சம் சீட்டுகள். எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வரிசையாகத் தொடர்ந்து அச்சடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினால் அதே பெட்டியில் 150க்கு மேல் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு செடி வாங்கும்போதும் ஒவ்வொன்றாக அச்சடிக்காமல், மழைக்குமுன் ஒரு சனிக்கிழமை மாலையில் மொட்டைமாடியில் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து அச்சடியுங்கள். ஒரு கருவி ஒரு கட்டடத்துக்குப் போதும். பங்கிட்டு வாங்கினால் யாருக்கும் பாரமில்லை.

மலிவான வேறு தயாரிப்பு நாடாப் பெட்டிகளும் விற்கின்றன. சில நன்றாகவே இருக்கின்றன, சிலவற்றில் மேல் படலம் பிரிகிறது. ஒரு பெட்டி மட்டும் வாங்கி, ஒரு சீட்டை அச்சடித்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மே மாதம் முழுவதும் மாடியில் வையுங்கள். மாதக் கடைசியில் மூடிய பாதியையும் மூடாத பாதியையும் ஒப்பிட்டால் விளம்பரம் சொல்லாததை அது சொல்லும்.

சரி, உங்களிடம் பத்தே தொட்டிகள்தானா? அப்படியானால் கருவியே வாங்காதீர்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையைக் கொஞ்சம் உப்புத்தாளால் தேய்த்து, சாதாரணப் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் கரி வெயிலுக்கு வெளுக்காது. மார்க்கர் பேனாதான் சில மாதங்களில் ஏமாற்றும். குளிர்பான டின்னை வெட்டிப் பட்டையாக்கி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதிந்துவிடும். அதை அழிக்க மழையாலும் ஆகாது. ஓரத்தை மடித்துவிடுங்கள், கையைக் கிழிக்கும். பழைய அலுவலகங்களில் சக்கரத்தைத் திருகி எழுத்தை அழுத்தும் டைமோ துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனம் 1958இல் அமெரிக்காவில் இதற்காகவே தொடங்கப்பட்டது. பிளாஸ்டிக் நாடா இழுபட்ட இடம் வெளுத்து எழுத்தாகிறது. மையே இல்லாததால் வெளுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டுமே, தவிர வெயிலில் நாடா விறைத்து ஓரம் சுருண்டு எழும்பிவிடும்.

ஒட்டுவதில் நடக்கும் தவறு

நல்ல நாடாவை வாங்கிவிட்டுத் தவறான இடத்தில் ஒட்டுகிறவர்கள் அதிகம். மண் தொட்டி சொரசொரப்பானது, உள்ளிருந்து ஈரம் கசிகிறது. அதன்மேல் எந்தப் பசையும் நிலைக்காது. மலிவான பிளாஸ்டிக் தொட்டியின் வழுவழுப்பிலும் சாதாரணப் பசை உரிந்து வரும். அதற்கென்று அதிகப் பசை உள்ள டி.இசட்.இ.-எஸ் வகை நாடா உண்டு. எல்லாவற்றிலும் சிறந்தது தனிப் பட்டை. கழற்றிப் போட்ட ஜன்னல் பிளைண்டின் அலுமினியப் பட்டைகள் பழைய சாமான் கடையில் கிடைக்கும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் ஒட்டுங்கள். சீட்டின் நான்கு மூலைகளையும் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டினால் ஓரம் எழும்பாது. ஒட்டியவுடன் மண்ணில் குத்திவிடாமல் ஒரு நாள் வீட்டுக்குள் வைத்திருங்கள். பசை முழுமையாகப் பிடிக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

கட்டட வளாகத்தில் உள்ள மரங்களுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆணி அடிக்கவேண்டாம். கம்பியை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். பிளாஸ்டிக் பூசிய கம்பியைத் தளர்வாக வளையமிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள். வெறும் இரும்புக் கம்பி நம் கடற்காற்றில் இரண்டு மழைகூடத் தாங்காது.

மேலே நான் சொன்ன வீட்டம்மா இந்த ஆண்டும் செங்காந்தள் வைத்திருக்கிறார்கள். படலமிட்ட நாடாவில் 'செங்காந்தள் – நஞ்சு' என்று அச்சடித்த பட்டை ஒன்று பையின் ஓரத்தில் நிற்கிறது. அதே போன்ற இன்னொன்றைக் கிழங்குக்கு மேலே நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து மண்ணால் மூடியிருக்கிறார்கள். மேலே நிற்கும் பட்டையைக் காக்கையோ குழந்தையோ பிடுங்கிவிட்டாலும், தோண்டுகிறவர் கையில் முதலில் தட்டுப்படுவது கிழங்கல்ல, அதன் பெயர்.